மாதம் ஒரு நினைவூட்டல்

எங்கள் பள்ளியின் பணி விதிகளில் பதினான்காவது இப்படிச் சொல்கிறது: "வெளிநாட்டில் பணியாற்ற விடுப்பில் சென்றுள்ள ஆசிரியர், அங்கிருந்து வேறொரு நாட்டுக்குச் செல்ல விரும்பினால் நிர்வாகக் குழுவுக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்பப்படாவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகக் கொள்ளலாம்."

இதில் இரண்டாவது வாக்கியத்தை எழுதியவன் நான். அறுபதுகளின் நடுவில், விதிகளைத் திருத்தும் வேலைக்கு ஆசிரியர்கள் தரப்பில் ஓர் ஆளைக் கேட்டார்கள். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் இருந்தது, சீட்டாட்டம் இருந்தது, மாலையில் டியூஷன் இருந்தது. எனக்கு விதிகளின் மேல் ஆசை இருந்தது. குழுக்கள் பதில் போடுவதில்லை என்பதை அதற்குள் அறிந்திருந்ததால், பதில் போடாமையையே ஒரு பதிலாக ஆக்கிவிட்டேன். குழுவில் யாரும் எதிர்க்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

வெளிநாட்டு வேலைக்கு உத்தரவு வந்ததும் இனிப்புடன் என்னைப் பார்க்க வரும் இளம் ஆசிரியர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விமானத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்கிறீர்கள். அதை யாரும் சொல்வார்கள். ஓர் இடத்து வேலையை விட்டு இன்னொரு கண்டத்துக்குப் போகிறவன் நடுவில் எங்கே தடுக்கி விழுவான் என்பதை நான் சொல்கிறேன். நான் விழுந்தது தாம்பரத்தில், என் வீட்டு வாசலில்.

முதலில் எத்தியோப்பியா. அங்கே மலைமேல் ஓர் ஊரில் மூன்று ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஊரில் நம்மவர்கள் நாலைந்து பேர் எப்போதும் இருந்தார்கள். ஒருவர் ஒப்பந்தம் முடிந்து போனால் இன்னொருவர் வருவார். யாரோ ஒரு திருநெல்வேலிக்காரர் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆட்டுக்கல் ஒன்று அங்கே இருந்தது. போகிறவர் அதை அடுத்து வரும் தமிழ் ஆசிரியருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத அந்த விதியை ஒருவரும் மீறியதில்லை. நானும் கல்லைக் கழுவித் துடைத்து, புதிதாக வந்திருந்த நாகர்கோவில் பையனிடம் ஒப்படைத்தேன். அவனுக்கு மாவாட்டத் தெரியாது. அது என் பொறுப்பல்ல.

பள்ளியின் இயக்குநரிடம் எல்லாப் பொருளையும் திருப்பித் தந்தேன். சாவி, வரைகருவி, கரும்பலகைக் கவராயம், கடைசியாகப் பாதித் துண்டுச் சுண்ணக்கட்டி. அவர் அந்தச் சுண்ணக்கட்டியை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"இதையுமா?"

"பள்ளியின் சொத்து, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. அதை மேசையின் நடுவில் நிறுத்திவைத்துவிட்டு, அந்த நாட்டு வழக்கப்படி எனக்கு மூன்று சுற்றுக் காப்பி கொடுத்தார். மூன்றாவது சுற்று ஆசீர்வாதம் என்பார்கள். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு மலையிறங்கினேன்.

கையில் கனடாக் கடிதம் இருந்தது. அந்த நாட்டின் கிழக்குக் கோடியில், மீன் பிடிக்கிறவர்களின் ஊர் ஒன்றில், பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் வேண்டுமாம். இரண்டு ஆண்டு வேலை. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். எத்தியோப்பியாவிலிருந்து அப்படி மேற்கே தாவிய நம்மவர்கள் அன்று நிறைய. எனக்கு நாற்பது ஆகவில்லை. பனியைக் காலண்டரில் மட்டும் பார்த்திருந்தேன். மலைமேல் இருக்கும்போதே பதினான்காம் விதிப்படி எங்கள் பள்ளிக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டு, பயணத்துக்கு முன் சில வாரம் வீட்டில் இருக்கலாம் என்று தாம்பரம் வந்து சேர்ந்தேன். அது 1971 ஜூலை.

வீடு என்பது பள்ளியின் ஆசிரியர் குடியிருப்பு. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு முருங்கை மரம். என் மனைவி கிரேஸ் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அவள் எத்தியோப்பியாவுக்கே வரவில்லை. "நீங்க போய் உலகத்தப் பாத்துட்டு வாங்க. நான் இங்கேர்ந்து உங்களப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். மகள் ஐந்தாம் வகுப்பு. இருவரும் அந்த வீட்டில் இருந்தது என் பணியிடத்தின் பலத்தில். நான் அனுமதி இல்லாமல் கனடா போனால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். அனுமதிக்குக் காத்திருந்தால் கனடா போகும். ஆனால் அன்று எனக்குக் கவலையே இல்லை. இரண்டாவது வாக்கியம் இருந்ததே.

குழுவின் பொருளாளருக்கும் அந்த வீட்டின் மேல் கண் இருந்தது. அவருடைய மருமகன் எங்கள் பள்ளியில் தமிழாசிரியர். பீர்க்கன்கரணையில் ஏரியோரம் குடியிருந்தார். மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வந்து குசலம் விசாரிக்கும். அது நியாயமான குறைதான். ஆனால் பொருளாளரின் மனைவி ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கிரேஸ் கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு, முந்தானையால் ஜன்னலை அளந்தது நியாயமல்ல.

"என்ன ஆன்ட்டி, ஜன்னல்ல தூசியா?" என்றாள் கிரேஸ்.

"இல்லம்மா, ஸ்கிரீனுக்கு. எப்ப காலி பண்றீங்க?"

"ஜன்னலயா, வீட்டயா?"

அவர் மிச்சக் காப்பியைக் குடிக்காமல் போனார்.

பள்ளியிலிருந்து பதில் வரவில்லை. ஒரு மாதம் முடிய இன்னும் சில நாள்தான். சும்மா இருந்திருந்தால் விதி தன் வேலையைச் செய்திருக்கும். நானோ முறை தெரிந்தவன். முறை தெரிந்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் அழகாக ஒரு நினைவூட்டல் எழுதி, நானே அலுவலகத்துக்கு எடுத்துப்போய், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டு வாங்கினேன். தலைமை எழுத்தர் முத்திரை குத்தினார். குத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், பழைய லெட்டரோட இத சேத்துட்டேன். இனிமே இதுதான் தேதி."

"எது?"

"இன்னிக்கு. இன்னிலேர்ந்து ஒரு மாசம்."

நான் விதியைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒரே விஷயத்தில் இரண்டு கடிதம் வந்தால் பிந்தியதையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது எங்கள் அலுவலக நடைமுறை. அந்த நடைமுறையையும் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். புதிய கணக்குப்படி மாதம் முடிவது செப்டம்பர் நடுவில். கனடா ஆகஸ்ட் கடைசிக்குமேல் பொறுக்காது.

இளைஞர்களே, மேலதிகாரிக்கு நினைவூட்டல் எழுதக் கை துறுதுறுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். நான் கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் பல்லாவரம் வரை நடந்தேன்.

பல்லாவரத்தில் எனக்கு ஒரு வேலையும் இருந்தது. காதர் பாய் அங்கே தோல் வேலை செய்பவர், பெட்டியும் பையும் தைத்து விற்பார். குளிர் தேசத்துக்கு ஒரு தோல் கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் அவர் கடை வாசலில் என்னை நிறுத்தி அதை மாட்டினார். ஆகஸ்ட் வெயிலில் உள்ளே நான் வெந்துகொண்டிருந்தேன்.

"இன்னா சார், கோட்டு சூப்பரா கீதுல்ல?"

"கையைத் தூக்க முடியலையே, பாய்."

"கையி எதுக்குத் தூக்கற? அங்க போயி டான்ஸா ஆடப் போற? குளிரு உள்ள வரக்கூடாதுன்ன. வராது. காத்துகூட வராது."

"வாசனை?"

"புதுசுன்னா வாசனை இருக்கத்தான் செய்யும். பனில நனைஞ்சா போய்டும். மூஞ்சி ஏன் சார் இப்டி கீது? போவலியா?"

சொன்னேன். அவர் ஊசியைச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டு கேட்டார். "பேஜாரான ஆளு சார் நீ. வாய் இருக்குதுல்ல? பெரியவரப் போய்ப் பாத்துக் கேக்கறதுக்கு இன்னா? அவுருக்கும் நீ லெட்டர்தான் போடுவியா?"

பெரியவர் என்று அவர் சொன்னது எங்கள் பள்ளியின் தாளாளரை. குழுவின் முன் எது வைக்கப்படும், எது வைக்கப்படாது என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். உயரமான மனிதர், குறைவாகப் பேசுவார். பத்தாண்டு அவரிடம் வேலை பார்த்தும் ஒரு காரியத்தைக்கூட நான் அவரிடம் வாயால் கேட்டதில்லை. எல்லாம் உரிய வழியாக, எழுத்தில்.

மற்றச் சபைகள் எப்போது நடத்தினவோ, எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆகஸ்டில் வரும். ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் ஏலம் நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கீழ்க்கட்டளைக்காரர்கள் கீரையும் பூசணியும், எங்களைப் போன்றவர்கள் முருங்கைக்காயும், சிலர் கோழியும் கொண்டுவருவார்கள். ஏலம் விடுபவர் ஒவ்வோர் ஆண்டும் தாளாளர்தான். வருடம் முழுவதும் சேமித்த குரலை அன்று ஒரே நாளில் செலவழிப்பார்.

நானும் கிரேஸும் போனபோது அவர் ஒரு சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். பொருளாளர் முன்வரிசையில் விலை கேட்டுக்கொண்டிருந்தார். தாளாளர் கண்ணில் படுவதற்காக நான் கையை உயர்த்தினேன்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! சாமுவேல் சாருக்கு!"

சேவலை வாங்கப் போனவனாக அவர் அருகில் போனேன்.

"சார், ஒரு வார்த்தை."

"சேவலப் பத்தியா, லெட்டரப் பத்தியா?"

"லெட்டரப் பத்தி சார். மாசக் கடைசில நான் ஃப்ளைட் ஏறணும்."

"ரிமைண்டர் எதுக்குங்க அனுப்பினீங்க?"

"முறையா இருக்கட்டும்னு..."

"முறையா!" அவர் சேவலைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் சொல்வதைவிட அதனிடம் சொல்வது பயன் தரும் என்று நினைத்திருக்க வேண்டும். "கமிட்டி கூடறதே மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல கூட்டினா, அதோ முன்னாடி உக்காந்திருக்காரே, அவரு வீட்டப் பத்திப் பேசாம எழுந்திருக்க மாட்டாரு. போகலாம்னு நான் சொல்ல முடியாது. போகக்கூடாதுன்னும் சொல்லல. பதினாலு நீங்க எழுதினது. பதினஞ்சு யார் எழுதினது, தெரியுமா?"

"தெரியாது சார்."

"நான். போறப்ப ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டே போங்க. மனப்பாடமா இருக்குமே உங்களுக்கு." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அடுத்தது பூசணிக்காய்!" என்று முழங்கினார்.

அக்குளில் சேவலுடன் வீட்டுக்கு நடந்தேன். மனப்பாடமாகத்தான் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் வரும்வரை நிற்க வேண்டியிருந்தது. கிரேஸுக்குச் சொல்லிக் காட்டினேன்: "அனுமதி கோரும் கடிதம் குழுவின் முன் நிலுவையில் உள்ளவரை அந்த ஆசிரியரின் பணியிடத்திலோ குடியிருப்பிலோ எந்த மாற்றமும் செய்யலாகாது."

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"நிலுவைன்னா, பதில் வராம இருக்கறதுதானே?"

"ஆமா."

"மாசம் முடியறதுக்குள்ள நான் இன்னொரு ரிமைண்டர் குடுத்தா?"

"மாசம் மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"அப்ப அனுமதி வராது."

"வராது. வந்தாத்தான் ஆபத்து. அனுமதித் தேதிக்கு முன்னாடியே நான் போயிட்டேன்னு எழுதிருவாங்க."

"கமிட்டில வெச்சு வேணாம்னு சொல்லிட்டா?"

"வெக்கறது அவர் கையில."

ரயில் வந்தது. அதன் சத்தத்தில் சேவல் கத்தியது. ரயில் போன பிறகு கிரேஸ் கேட் திறப்பதற்காகக் காத்திராமல் பக்கத்து வழியில் குனிந்து நுழைந்தபடியே சொன்னாள். "அப்ப நீங்க கிளம்புங்க. மாசா மாசம் நான் பாத்துக்கறேன்."

நான் அங்கேயே நின்றேன். விதிகளை நேசித்தவன், அனுமதி இல்லாமல் கடல் கடப்பதா? குழுவில் ஒருவர் அழுத்திக் கேட்டால் வேலையும் போகும், வீடும் போகும். அவளும் குழந்தையும் பெட்டியோடு தெருவில் நிற்பார்கள். நான் பனியில் நிற்பேன். தாளாளர் வெளிப்படையாக ஒரு சொல்கூடத் தரவில்லை. விதியின் எண்ணை மட்டும் கொடுத்தார். ஆனால் பத்தாண்டில் அவர் வீணாக ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கணத்தில் எனக்கு உதவியது விதிகளின் அறிவல்ல, மனிதரைப் பற்றிய அறிவு. நானும் குனிந்து கேட்டுக்குள் நுழைந்தேன். விதியை மீறி நான் ரயில் பாதையைக் கடந்தது அதுவே முதல் தடவை.

மீனம்பாக்கத்துக்குச் சபையார் ஒரு வேன் நிறைய வந்து ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி அனுப்பிவைத்தார்கள். பெட்டியில் இடமில்லாததால் கோட்டை மாட்டிக்கொண்டே ஏறினேன். பம்பாயில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாசனை தாங்காமல் வேறு இருக்கை கேட்டார். லண்டனில் இன்னொருவர். கனடாவில் அந்த மீனவர் ஊரில் இறங்கியதும் ஊர் நாய்கள் அத்தனையும் என் பின்னால் வந்தன. மரியாதையாக, வாலாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை. முதல் குளிர்காலம் முழுவதும் என் வருகையை மாணவர்கள் நாய்களை வைத்துத்தான் அறிந்தார்கள். ஆனால் காதர் பாய் சொன்னது பொய்யில்லை. காற்றுக்கூட உள்ளே வரவில்லை. பனியில் நனைந்தும் வாசனை போகவில்லை என்பது தனி விஷயம்.

தாம்பரத்தில் கிரேஸ் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு மாதமும் தன் பள்ளிக்குப் போகும் வழியில் எங்கள் அலுவலகத்தில் ஒரு நினைவூட்டல். என் சார்பில் கையெழுத்திட அவளுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாசகம் மாறாமல் இருக்க ஒரு மாதிரியும் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவள் அதை மதிக்கவில்லை. "தாங்கள் நலமா? மழை நன்றாகப் பெய்தது. என் கணவரின் கடிதம் தங்கள் மேசையில் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்" என்று ஒரு மாதம் எழுதினாளாம். முத்திரை விழுந்தது.

பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் வீட்டுப் பேச்சை எடுப்பார். தாளாளர், "அந்த ஃபைல்ல இப்பத்தான் புது லெட்டர் வந்திருக்கு. அதையும் சேத்து அடுத்த மீட்டிங்ல பாப்போம்" என்பார். பொருளாளர் வழியில் கிரேஸைப் பிடித்துக் கேட்பார்.

"ஏம்மா, எப்பத்தான் காலி பண்ணுவீங்க?"

"நானும் அதத்தான் அங்கிள் கேட்டு மாசா மாசம் எழுதறேன். நீங்க யாரும் பதிலே போட மாட்டேங்கறீங்களே!"

ஒரே ஒரு மாதம் ஆபத்து வந்தது. மகளுக்கு டைபாய்டு. கிரேஸ் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்ததில் நாள் போனது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்து நிமிடம் தலைகாட்ட வந்தாள். தாளாளர் அருகில் வந்து குழந்தையைப் பற்றி விசாரித்தார். பிறகு, "வேற எதாவது மறந்துட்ட மாதிரி இருக்காம்மா?" என்றார். அன்றைய ஆராதனை முறை அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில், பெஞ்சிலேயே உட்கார்ந்து அவள் அந்த மாதத்து நினைவூட்டலை எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் அலுவல் பேசாத அந்த மனிதர் அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டு முடிந்து 1973 ஜூலை தொடக்கத்தில் திரும்பினேன். மீண்டும் வேலையில் சேர வேண்டும். இந்தத் தடவை எழுதவில்லை, நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

"நாளைக்கு ஜாயின் பண்ணட்டுமா சார்?"

"எப்படி? உங்க கேள்விக்கே இன்னும் பதில் வரலையே."

"இனிமே எதுக்கு சார் பதில்? நான்தான் வந்துட்டேனே."

"பதில் இல்லாம சேத்துக்கிட்டா, நீங்க எப்படிப் போனீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் தோண்டுவான். சனிக்கிழமை மீட்டிங். வெச்சுடறேன்."

அந்தச் சனிக்கிழமை வரை பதினான்கையும் பதினைந்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தீர்மானத்தில் எல்லாம் முடிந்துவிடும். கிரேஸ் பாட்டுப் பாடிக்கொண்டு முருங்கைக்காய் பறித்தாள். "ரெண்டு வருஷமா பதில் வராம பாத்துக்கிட்டவருக்கு, பதில் வரவெக்கத் தெரியாதா?" என்றாள்.

கூட்டத்தில் நடந்ததைத் தலைமை எழுத்தர் பிறகு சொன்னார். தாளாளர் கோப்பை விரித்து, ஒரே ஒரு கேள்வியை வாசித்தாராம்: இந்த ஆசிரியர் கனடா செல்ல அனுமதிக்கலாமா? பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆள் இப்ப ஊர்லதான் இருக்காரு. வேணாம்னு சொன்னா இங்கயே, அந்த வீட்லயே, ரிடையர் ஆகற வரைக்கும் இருப்பாரு. போகலாம்னு சொன்னா போவாரோ என்னமோ. கமிட்டி இஷ்டம்" என்றாராம்.

பொருளாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாராம். "என்ன சார் இது அநியாயம்! ஒரு மனுசன் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கான். எப்ப வேணாலும் போகட்டும் சார்! நானே முன்மொழியறேன்!"

எந்தத் தேதியும் குறிப்பிடாத அந்த அனுமதி, நான் ஏற்கனவே போய்வந்த பயணத்தை முழுவதுமாக மூடியது. மறுபடியும் போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பொருளாளரின் மருமகனுக்கு மேடான இடத்தில் வேறொரு குடியிருப்பு, அடுத்த மழைக்குமுன், தாளாளரே பார்த்துக் கொடுத்தார். அந்த வீட்டு ஜன்னலும் அதே அளவுதானாம்.

கடிதம் வீட்டுக்குத் தபாலில் வரவில்லை. தலைமை எழுத்தரே கொண்டுவந்து கொடுத்தார். நான் கோட்டை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தேன். கிரேஸ் வாங்கிப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்: கனடா செல்ல அனுமதி அளிக்கப்படுகிறது, வாழ்த்துகள். கீழே முன்மொழிந்தவராகப் பொருளாளரின் கையெழுத்து, எல்லாவற்றையும்விடப் பெரிதாக.

"இப்ப போய்ச் சேருங்க. முதல் பீரியடுக்கு நேரமாச்சு" என்று சுண்ணக்கட்டி டப்பாவைக் கையில் கொடுத்தாள். 1973 ஜூலை பதினாறு, திங்கட்கிழமை.